மலைப் பள்ளியின் தீர்மானப் புத்தகம்

அரசுப் பள்ளித் தலைமையாசிரியரின் மேசையில் வருகைப் பதிவேட்டுக்கும் இருப்புப் பதிவேட்டுக்கும் நடுவே இன்னொரு நோட்டு இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகம் அது. தேதி, நேரம், வந்தவர்களின் பெயர், தீர்மானம் எண் 1, எண் 2, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், அடியில் வரிசையாகக் கையெழுத்துகள். சில பக்கங்களில் கைநாட்டும் இருக்கும். பள்ளிக்கு வந்த பணத்தைச் செலவழிக்கும் முன் பெற்றோரைக் கேட்டார்களா என்பதற்கு அந்த நோட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதை ஊன்றிப் படித்தால், எந்தப் பணத்துக்கு ஊரின் சம்மதம் வேண்டியிருக்கிறது, எந்தப் பணம் ஊரைக் கேளாமலே முடிவாகிறது என்பது புலப்படும். நீலகிரியில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் சமவெளியில் இருப்பதைவிட அதிகம் என்பது என் எண்ணம். அதற்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீலகிரி சிறிய மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 7,35,394. உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என நான்கே ஊராட்சி ஒன்றியங்கள். இந்தச் சிறிய பரப்புக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டாத பல வகைப் பள்ளிகள் இருக்கின்றன. ஹட்டி எனும் படுகர் ஊரின் ஓரத்தில் நிற்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒரு வகை. எஸ்டேட் லைன் வீடுகளுக்கு நடுவே, தோட்ட நிர்வாகம் தொடங்கிப் பிறகு அரசு உதவி பெற்ற பள்ளி இன்னொரு வகை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்காக உருவான டேன்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் உண்டு. பணியர், காட்டுநாயக்கர், குரும்பர், இருளர் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளிகளும் நகராட்சிப் பள்ளிகளும் உண்டு. நிர்வாகம் பலவாக இருந்தாலும், அரசுப் பள்ளி என்றால் மேலாண்மைக் குழு இருந்தே தீர வேண்டும் என்கிறது சட்டம்.

2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இந்தக் குழுவைப் பற்றியது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்களின் அளவுக்கேற்ற இடம் தர வேண்டும். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, அரசோ உள்ளாட்சியோ வேறு யாரோ கொடுக்கும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை குழுவின் வேலைகள். அடுத்து வரும் 22-ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. குழு தயாரிக்கும் மேம்பாட்டுத் திட்டம்தான் அரசு தீட்டும் திட்டங்களுக்கும் தரும் மானியங்களுக்கும் அடிப்படையாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டத்தின் கணக்குப்படி முதலில் ஊர் கேட்க வேண்டும், பிறகு அரசு கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் பல ஆண்டுகள் பெயரளவில்தான் இருந்தன. 2022 மார்ச்சில் ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற பெயரில் அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. மார்ச் 20 அன்று அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடத்தி, அதைத் தொடர்ந்து 20 பேர் கொண்ட குழுக்களை மறுபடி அமைத்தார்கள். பெற்றோர் 15 பேர். மீதி இடங்களில் தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், கல்வி ஆர்வலர் அல்லது சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர். தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். பல பள்ளிகளில் அந்த நாற்காலியில் ஒரு தாய் உட்கார்ந்தார். 2024-ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து எண்ணிக்கையை 24 ஆக்கினார்கள். மாதந்தோறும் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்டம். தீர்மானங்களை நோட்டில் எழுதுவதோடு, பெற்றோர் செயலியிலும் ஏற்ற வேண்டும்.

காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. நான் இதை மதிக்கிறேன். தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் தலைமையாசிரியருக்கு எதிரே தலைவராக உட்கார்ந்து “போன மாசம் வாங்கின சாமானுக்கு பில் எங்க சார்?” என்று கேட்க ஒரு சட்டம் இடம் தருவது சாதாரண காரியமில்லை. இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வட்டாரந்தோறும் பள்ளி வாரியங்களைத் தேர்ந்தெடுக்க வழி செய்தபோது, பெண்களாலும் அவற்றுக்குப் போட்டியிட முடிந்தது. நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைக்க அதன் பிறகும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. ஆனால் அந்த 1870-லேயே எலிசபெத் காரெட்டும் எமிலி டேவிஸும் லண்டன் பள்ளி வாரியத்துக்குத் தேர்வானார்கள். பொதுப் பணத்தைப் பற்றிப் பெண்கள் வாய்திறந்த முதல் அவைகளில் ஒன்று பள்ளியின் அவை. நம் மலையில் இன்று நடப்பதையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் அந்த லண்டன் வாரியத்திடம் வட்டார வரியிலிருந்து பணம் பெறும் அதிகாரம் இருந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இன்றும் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் ஒவ்வொரு மே மாதமும் மக்கள் நேரடியாக வாக்களித்துத்தான் அடுத்த ஆண்டின் பள்ளி வரவுசெலவுத் திட்டத்தை ஏற்கிறார்கள். ஆசிரியர் சம்பளமும் பேருந்துச் செலவும் அந்த வாக்குக்குள் அடங்கும். நம் குழுவின் முன் வருவது அந்த அளவுப் பணமில்லை. 2025-26-ல் தமிழ்நாட்டின் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கிய தொகை 46,767 கோடி ரூபாய். ஒரு பள்ளியின் குழு அதில் எவ்வளவைக் கையில் எடுத்து எண்ணிப் பார்க்கிறது?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம்தான் குழுவின் தீர்மானத்தோடு நேரடியாகச் செலவாகும் முக்கியமான தொகை. அதன் அளவு பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். பழுதான சாமான்களை மாற்றுவது, சுண்ணக்கட்டி, பதிவேடுகள், மின்சாரம், இணையம், தண்ணீர், கற்பித்தல் பொருள்கள், கட்டடத்தையும் கழிப்பறையையும் ஆண்டுதோறும் பராமரிப்பது என எல்லாவற்றையும் இந்த ஒரே பணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது வழிகாட்டுதல்.

இருபது பிள்ளைகள் படிக்கும் ஒரு மலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரத்தில் தூய்மைக்கு ஆயிரம் போனால் மீதி ஒன்பதாயிரம், மாதத்துக்கு 750 ரூபாய். அந்தப் பள்ளிக்கும் கூரை உண்டு. தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கி கூடலூர், பந்தலூர், குந்தா பக்கத்தை நனைக்கும். அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. 2009 நவம்பரில் மாவட்டமெங்கும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழையிலும் பனியிலும் தேயாத சுவர் இங்கே கிடையாது. ஒரு கூரைத் தகடு ஓட்டையாவதற்கும் கழிப்பறைக் குழாய் உடைவதற்கும், உள்ளே இருபது பேர் படிக்கிறார்களா இருநூறு பேர் படிக்கிறார்களா என்பது ஒரு பொருட்டே இல்லை. சிமெண்ட் மூட்டை மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற வேண்டும். பல ஊர்களில் சாலை முடியும் இடத்திலிருந்து தலைச்சுமையாகப் போக வேண்டும். சாமானின் விலையை ஏற்றத்தின் கூலி மிஞ்சிவிடும் நாள்களும் உண்டு.

மானியத்தைத் தலைக்கணக்கில் கொடுப்பது சமவெளியின் பெரிய பள்ளிகளுக்கு நியாயமாகத் தோன்றலாம். குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் மலையில் அது சிறிய பள்ளியைத் தண்டிக்கிறது. பக்கத்துச் சரிவில் பிள்ளைகள் நடந்து வரும் தூரத்தில் பள்ளி வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சிறிய பள்ளி அங்கே நிற்கிறது. கரடுமுரடான நிலமும் சரிவு அபாயமும் உள்ள இடங்களில் தூரத்தின் வரம்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகளே சொல்கின்றன. பள்ளியை எங்கே வைப்பது என்பதில் மலையைக் கணக்கில் எடுத்த அரசு, அதை எப்படிக் காப்பது என்பதில் மலையை மறந்துவிட்டது. கட்டடத்தின் பரப்புக்கும் மழையின் அளவுக்கும் ஏற்ற ஓர் அடிப்படைத் தொகையை முதலில் கொடுத்து, அதற்கு மேல் தலைக்கணக்கைச் சேர்ப்பதுதான் முறை.

இனி, பணம் செலவாகும் வழி. மானியம் குழுவின் வங்கிக் கணக்கின் பேரில் வரும். என்ன வாங்குவது என்று கூட்டத்தில் முடிவாகித் தீர்மானமாகும். விலைப்புள்ளி வாங்கி, சாமான் வாங்கி, பில் பெற்று, ரொக்கப் புத்தகத்தில் எழுதி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். தலைவரும் தலைமையாசிரியரும் சேர்ந்து ஒப்புதல் தருவார்கள். கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழ் வட்டார வள மையத்துக்குப் போகும். 2021-க்குப் பிறகு மத்திய நிதியுதவித் திட்டங்கள் ஒற்றை முகமைக் கணக்கு முறைக்கு மாறின. அதன்படி பள்ளியின் கணக்கில் பணமே நிற்காது. இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற வரம்பு மட்டும் இருக்கும், கடைக்காரருக்கு இணையம் வழியாகப் பணம் போகும். திருட்டுக்கு இடம் குறைந்தது நல்லதுதான். ஆனால் வரம்பு தாமதமாகத் திறந்தாலும் நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிந்துவிடுகிறது. கூரையைச் சரிசெய்ய மே மாதம் பணம் வேண்டும், மழைக்கு முன். அந்தப் பணம் குளிர்காலத்தில் வந்தால், வாங்க முடிவது நாற்காலியும் பூந்தொட்டியும்தான். தேவை ஒரு பருவத்திலும் பணம் இன்னொரு பருவத்திலும் வரும்போது, அத்தனை கையெழுத்தும் சரியாக இருந்தும் செலவு வீணாகிறது.

சில ஆண்டுகளில் அந்தப் பணமே ஆட்டம் காண்கிறது. பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசுத் திட்டத்தின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதால் 2024-25-க்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு விடுவிக்கவில்லை. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தப் பெரிய வழக்கில் மாநிலத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. இருந்தாலும் இங்கே நான் பார்ப்பது அதன் கடைசிக் கண்ணியை. டில்லியிலும் சென்னையிலும் நடக்கும் ஒரு சண்டைக்கும் ஒரு மலைப் பள்ளியின் 10,000 ரூபாய்க்கும் இடையே தடுப்புச் சுவர் எதுவும் இல்லை. உள்ளூர் வரியிலிருந்து ஒரு சிறு தொகையாவது நேராகப் பள்ளிக்கு வந்தால் அந்தச் சுவர் எழும்.

அப்படிப்பட்ட வரி நம்மிடம் இல்லாமல் இல்லை. 1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டத்தின் வழியாக வந்த கல்வி வரியை இன்றும் நகராட்சிகளில் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கிறார்கள். குன்னூரிலோ உதகையிலோ வீட்டு வரி கட்டுபவர் கல்விக்கும் சேர்த்தே கட்டுகிறார். அந்தப் பணம் எந்தப் பள்ளியின் எந்தக் குழாய்க்குப் போனது என்று அவரால் கேட்க முடிந்தால் மேலாண்மைக் குழுவுக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கும். தாளூரைத் தாண்டி வயநாட்டுக்குள் போனால் ஏற்பாடு வேறு. 1990-களின் நடுவிலிருந்து கேரளத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் உள்ளன, பராமரிப்பு நிதியும் பஞ்சாயத்துக்கே வருகிறது. அங்கே ஓட்டைக் கூரையைப் பற்றிப் பஞ்சாயத்துத் தலைவரின் வாசலில் போய்க் கேட்கலாம். நம் பக்கம் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று பெயர்ப்பலகை இருந்தாலும், அதன் ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்கள். பலகையில் ஒன்றியம், சம்பளத்தில் மாநிலம், மானியத்தில் மத்திய அரசின் பங்கு. கேள்வி கேட்கும் வாசல் எது என்று ஊருக்குத் தெரியவில்லை.

குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கு இடம் வைத்தது இந்தக் குறையை ஓரளவு தீர்க்கத்தான். நீலகிரியின் 35 கிராம ஊராட்சிகளுக்கும் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. புதிய தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினருக்கென்று குழுவில் இருந்த நாற்காலிக்கு ஊராட்சிகளில் ஆள் இல்லாமல் போயிற்று. பஞ்சாயத்துத் தேர்தல் தள்ளிப்போனால் பள்ளிக்கூடத்துக்கு என்ன என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பதில்.

குழுவுக்குக் கிடைத்த அதிகாரங்களில் கனமானது ஆள் நியமனம். 2022-ல் 13,331 தற்காலிக ஆசிரியர் இடங்களை மேலாண்மைக் குழுக்கள் வழியாக நிரப்ப அரசு முடிவெடுத்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 என்று மாதத் தொகுப்பூதியம். பின்னர் அது முறையே 12,000, 15,000, 18,000 ஆக உயர்ந்தது. தகுதித் தேர்வில் தேறிக் காத்திருந்தவர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடந்து, இடைக்காலத் தடை வந்து, பிறகு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. அந்தக் கூலியில் ஓர் ஆசிரியரை வைப்பது பிழை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மலையில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சமவெளியிலிருந்து பணியிடம் பெற்று வந்தவர் இடமாறுதல் கிடைத்ததும் இறங்கிவிடுவார். பணியர் குடியிருப்பின் மொழி தெரிந்த, அதே ஊரில் இருக்கும் ஒரு பட்டதாரிப் பெண்ணை வகுப்புக்குக் கொண்டுவர ஊருக்குக் கிடைத்த வாசல் இது ஒன்றுதான். அந்த வாசலை நல்ல சம்பளத்தோடும் தகுதியோடும் திறந்திருக்கலாம்.

பெரிய வேலைகளுக்கு வருவோம். சுற்றுச்சுவர், புதிய வகுப்பறை, கழிப்பறைத் தொகுதி. கூடலூர், பந்தலூர் பக்கம் சுற்றுச்சுவர் என்பது யானையிடமிருந்து காப்பு. குழு இவற்றைக் கேட்டுத் தீர்மானம் போடலாம், பணத்தை முடிவு செய்ய முடியாது. 2022-ல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி, 1975-76 முதல் நீலகிரிக்கு உள்ள மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் வேறு அலுவலகம், வேறு முன்னுரிமை. அதற்கும் முன்னால் நிலம் யாருடையது என்ற கேள்வி நிற்கும். பள்ளி எஸ்டேட் மண்ணில் இருந்தால் தோட்ட நிர்வாகத்தின் இசைவு வேண்டும். கூடலூரில் 1969-ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலங்கள் பற்றிய வழக்கு தலைமுறைகளாக இழுக்கிறது. காட்டின் எல்லை அருகே என்றால் வனத்துறை. ஒரு தீர்மானம் இத்தனை மேசைகளையும் தாண்டி வர ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் தீர்மானத்தை முன்மொழிந்த தாயின் பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துவிடும், அவர் குழுவிலிருந்தும் போய்விடுவார். பள்ளியின் நினைவாக மிஞ்சுவது அந்த நோட்டுதான். அதனால்தான் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் இத்தனை நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று காரணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற கட்டாயம் வேண்டும் என்கிறேன். பதில் வராத தீர்மானத்தைப் பெற்றோர் எத்தனை மாதம் திரும்பத் திரும்ப எழுதுவார்கள்?

கூட்டத்துக்கு வருவதே அவர்களுக்குச் செலவு. வெள்ளிக்கிழமை பிற்பகல் என்பது தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடைபோடும் வேலை நேரம். பாதியில் மலையிறங்கி வரும் பெண் அன்றைய கிலோவை இழக்கிறாள். நேரத்தைத் தள்ளி வைத்தால் கூடலூர்ப் பக்கம் இருட்டில் யானைத் தடத்தில் வீடு திரும்ப வேண்டும். இதோடு மொழிகளும் பல. படுகும் மலையாளமும் பணியர் மொழியும் பேசுபவர்களுக்கு நடுவே இப்போது ஜார்கண்ட், அசாமிலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களின் பிள்ளைகள் நம் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அந்தப் பெற்றோருக்குத் தீர்மானத்தை அவர்கள் மொழியில் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். சொல்லாமல் வாங்கும் கையெழுத்து சம்மதமாகாது. கூட்டத்துக்கு வரும் பெற்றோருக்கு அரைநாள் கூலியை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்தே கொடுப்பது பெரிய செலவில்லை.

ஊர் சேர்ந்து பள்ளியைப் பார்த்துக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1840-களில் கேத்தியில் படுகப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கிய ஓய்வுபெற்ற அதிகாரி காசமேஜர், தன் சொத்தை பாசல் மிஷனுக்கு எழுதி வைத்தார். அது தனி ஒருவரின் கொடை. காமராஜர் ஆட்சியில், 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வேறு வகை. பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய அந்த மாநாடுகளில் ஊர் மக்கள் கட்டடமும் பெஞ்சும் நிலமும் கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சிதான் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள். அன்று ஊரிடம் கேட்டது கொடையை, இன்று சட்டம் ஊரிடம் கேட்பது கண்காணிப்பை. ஹட்டிகளில் இரண்டுக்கும் பழக்கம் உண்டு. ஊர்க்கூட்டம் கூடி, வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு வசூலித்த பணத்தின் கணக்கைப் பெரியவர்கள் முன் சொல்லத் தெரிந்த மக்கள் இவர்கள். பெண்களும் தோட்டத் தொழிலாளர்களும் பழங்குடிகளும் அந்தக் கணக்குக்குள் வர வேண்டும் என்பதைத்தான் 21-ஆம் பிரிவு கூடுதலாகச் சேர்த்தது.

மாதிரி விதிகளின்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டம் மூன்றாண்டுக்கானது, நிதியாண்டு முடிய மூன்று மாதத்துக்கு முன் அது தயாராக வேண்டும். அதாவது டிசம்பருக்குள். மலைக்கு இது பொருந்தி வருகிற காலக்கெடு. டிசம்பரில் இரண்டு பருவமழைகளும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், காலையில் உறைபனி விழத் தொடங்கியிருக்கும். எந்தச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, எந்த இடத்தில் மண் இறங்கியிருக்கிறது, எந்தக் கதவு உப்பி மூட மறுக்கிறது என்று வெறும் கண்ணுக்கே தெரியும். அந்த மாதக் கூட்டத்தை வகுப்பறைக்குள் நாற்காலி போட்டு நடத்த வேண்டாம். குழு முழுவதும் தீர்மானப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளியை ஒரு சுற்று நடந்து வரட்டும். கழிப்பறைக்குப் பின்னால், சரிவின் விளிம்பில், சமையற்கூடத்தின் கூரைக்கு அடியில் நின்று பார்த்ததை அங்கேயே எழுதட்டும். முதல் தீர்மானமாக, சென்ற டிசம்பரில் எழுதியவற்றில் இன்னும் பதில் வராதவற்றைத் தேதியோடு எழுதட்டும்.